தந்தையிடம் தொலைபேசியில் பேசப்பட்டது

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் வந்ததும் வராததுமாகத் துறைத்தலைவர் அருமைநாயகம் சார் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். அடுத்த வாரம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஆய்வகம் பார்ப்பார்களாம், கழிப்பறை பார்ப்பார்களாம், எல்லாவற்றுக்கும் மேலாக மென்டார் பதிவேட்டை, அதாவது வழிகாட்டி ஆசிரியர் எழுதும் பதிவேட்டைப் பார்ப்பார்களாம்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது மாணவர்களை ஒப்படைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவனையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். என்ன குறை, எதில் ஆர்வம், நாளைக்கு என்னவாகப் போகிறான் என்று கேட்டு எழுதி, அவனிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். என் பதிவேட்டில் ஜூலையிலிருந்து இருபது பெயர்களும் இருபது ஸ்டாம்ப் சைஸ் போட்டோக்களும் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை.

நான் மட்டும் அப்படி என்றால் வெட்கப்படலாம். வாரம் பத்தொன்பது மணி நேர வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை. இதற்கு நடுவில் எவனை உட்காரவைத்து எதைக் கேட்பது?

"சனிக்கிழமைக்குள்ள எல்லாம் ஃபுல்லா இருக்கணும். வருகை குறைஞ்ச பசங்களுக்கு மட்டும் கவனமா எழுதுங்க. பெத்தவங்களுக்கு மூணு தடவை தகவல் சொன்னதா இருக்கணும், அதுதான் ரூல்" என்றார் சார்.

"இனிமே எங்க சார் சொல்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சொல்லச் சொல்லலையே. இருக்கணும்னேன்."

பிப்ரவரி 14, புதன்

நான்கு பேனா வாங்கினேன். இரண்டு நீலம், ஒரு கறுப்பு, மை தீரப்போகிற ஒன்று. ஆகஸ்ட் பக்கத்துக்கு அந்த மங்கல் பேனா. இருபது பேர், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாதம், நூற்றிருபது பதிவு. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். ஆய்வுக்கட்டுரைக்கு இந்த வேகம் வந்திருந்தால் இந்நேரம் முனைவர் கிருபாகரன் ஆகியிருப்பேன்.

'எதிர்கால இலக்கு' என்ற கட்டத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. ஒற்றைப்படை எண்காரர்களுக்கு மென்பொருள் நிறுவனம், இரட்டைப்படைக்கு மேற்படிப்பு.

வருகை குறைந்தவன் ஒரே ஒருவன். தவசீலன், நாலு வருடப் படிப்பில் மூன்றாம் ஆண்டு, கடைசி பெஞ்ச். போட்டோவைப் பார்த்தும் முகம் பிடிபடவில்லை. அக்டோபர், டிசம்பர், ஜனவரி என்று மூன்று தேதி போட்டு ஒரே வரியை எழுதினேன். 'தந்தையிடம் தொலைபேசியில் பேசப்பட்டது. மகனைக் கண்டிப்பதாக உறுதியளித்தார்.' மூன்றாவது முறை கொஞ்சம் மாற்றி, 'வருத்தம் தெரிவித்தார்' என்றும் சேர்த்தேன். அப்பா என்றால் வருத்தப்படத்தானே செய்வார்.

பிப்ரவரி 17, சனி

இருபது பேரையும் ஆய்வகத்தில் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினேன். ஆளுக்கு ஆறு கையெழுத்து. நம் பிள்ளைகள் தங்கம், காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருவன் மட்டும் படித்தான். ஆறு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினான். ஒல்லியான பையன். பேசுகிறவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கிற பழக்கம்.

"சார், அப்பாகிட்ட பேசினதா போட்டிருக்கே?"

"படிச்சுக்கிட்டே நின்னா எப்படிப்பா? பின்னால லைன் நிக்குது பாரு."

"இல்ல சார், போன்லன்னு..."

"எல்லாருக்கும் அப்படித்தான். போடு."

லேசாகச் சிரித்தான். போட்டான். அவன்தான் தவசீலன்.

பிப்ரவரி 21, புதன்

குழு வந்து போயிற்று. மாதிரிக்கு எடுத்த ஐந்து பதிவேட்டில் என்னுடையதும் ஒன்று. ஒரு பெரியவர் நான்கைந்து பக்கம் பார்த்துவிட்டு, "மாணவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை தெரிகிறது" என்றார். அருமைநாயகம் சார் என் தோளில் தட்டினார். வீட்டில் மனைவி வாசுகியிடம் சொன்னேன். கேசரி கிளறினாள்.

மார்ச் 11, திங்கள்

வருகைப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அறுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போயிற்று. எங்கள் துறையில் மூன்று பேர். மற்ற இருவரின் பெற்றோருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அவர்கள் மென்டார்கள் பதிவேட்டிலும் ரூல்படி மூன்று தடவை எழுதாமல் இரண்டோடு விட்டிருக்கிறார்கள். தவறு துறையின் பேரில் என்பதால் அவர்களுக்கு எழுத அனுமதி கிடைத்துவிடும். மூன்றாவது தவசீலன். ஐம்பத்தொன்பது.

"உங்க ஆளு மாட்டிக்கிட்டான். உங்க ரிஜிஸ்டர்தான் பக்காவா இருக்கே" என்றார் சார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மூன்று வரி. அந்த மூன்று வரியில் ஒன்றை எழுத எனக்குக் கை வலித்திருக்கக் கூடாதா?

மார்ச் 13, புதன்

அவன் அப்பா எண்ணுக்கு அடித்தேன், இந்த வருடத்தில் முதல் தடவையாக. வெள்ளிக்கிழமை பெற்றோர் விசாரணைக்கு வரும் முன் ஒரு வார்த்தை பேசிவிட்டால் பாதிப் பொய்யாவது உண்மையாகும் என்று நினைத்தேன். மணி அடித்தது, கட்டானது. மறுபடி அடித்தேன், மறுபடி கட். பெரிய மனிதர்தான் போலிருக்கிறது.

அஞ்சு நிமிடத்தில் அந்த எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தது. தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். குரல் வரவில்லை. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்தினேன். இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

பதினோரு மணிக்குத் துறைத்தலைவர் அறையில் விசாரணை. அப்பா, அம்மா, பையன் மூவரும் வந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பையனின் பள்ளிச் சான்றிதழ்கள். யாரும் அவற்றைக் கேட்கவில்லை. தவசீலன் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை, சாரின் மேஜையை ஒட்டி, அப்பா அம்மாவுக்கு எதிராக நின்றான். ஏன் அங்கே நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

"உங்க பையன் வருகை அம்பத்தொம்பது பர்சன்ட்" என்று சார் ஆரம்பித்ததும் அவன் கைகள் அசைய ஆரம்பித்தன. அப்பா, அம்மா இருவர் கண்ணும் அந்தக் கைகள் மேல். சார் நிறுத்தினார். கைகளும் நின்றன.

"காது கேக்காதா?"

"ரெண்டு பேருக்கும் சார். பொறந்ததுலேர்ந்து. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன்."

சார் பெற்றோரைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கிருபாகரன், அப்பாகிட்ட மூணு தடவை போன்ல பேசினதா எழுதியிருக்கீங்களே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அறையில் இன்னும் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். நான் சொன்னது இது: "அந்த நம்பருக்குத்தான் சார் அடிச்சேன். எடுத்தது இவனோட சித்தப்பா."

அந்தச் சித்தப்பா எங்கிருந்து வந்தார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன், வந்து நின்றார்.

"கார்டியன்தானே, அது போதும்" என்றார் சார். அவர் முகத்தில் நிம்மதி. பதிவேட்டில் 'தந்தையிடம்' என்பதற்கு மேலே அவரே சிறிதாக 'சித்தப்பா மூலம்' என்று எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் தவசீலன் ஒன்று விடாமல் அவர்களுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தான். சாரின் கேள்வி, என் பதில், சாரின் நிம்மதி உட்பட. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனிடம் ஏதோ ஒன்று கேட்டார், சின்னதாக ஒரே அசைவு. பையன் தலையை ஆட்டினான். பிறகு சார் காட்டிய இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16, சனி

சாப்பிடவில்லை என்கிறாள் வாசுகி. சாப்பிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

அவனைத் தேடிப் போய்விட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வாய்க்கு வரவில்லை. "ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்றேன். தப்பு செய்தவன் நான், அதட்டுவதும் நான்.

"என்ன சார் சொல்றது?"

"நான் சொன்னது பொய்னு. அப்பாவுக்கு போனே கேக்காதுன்னு."

"அப்ப நான் எனக்காகப் பேசல சார். அவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல நின்னேன். நடுவுல நிக்கறவன் தன் பேச்சைச் சேர்த்தா, அப்புறம் எது யாரு பேச்சுன்னு அவங்களுக்குத் தெரியாமப் போயிடும். அப்பா சின்ன வயசுலேயே சொல்லியிருக்காரு."

"அப்பா உன்கிட்ட என்னமோ கேட்டாரே?"

தயங்கினான். "எனக்கு ஏதுடா தம்பின்னு கேட்டாரு. அப்பா ஒத்தப் பிள்ளை சார்."

நிறுத்தத்தில் நாலு பேர் இருந்தார்கள். இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

"என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"அந்த சார் ரொம்ப பயந்துபோயிருக்காருன்னு சொன்னாரு."

ஏன் கல்லூரிக்கு வருவதில்லை என்று கேட்டேன். ஜூலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் காது கேளாதவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறதாம். ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு, போலீஸ் ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் யாருக்கும் இவர்கள் சொல்வது புரிவதில்லை. இவனைக் கூப்பிடுவார்கள், இவன் போவான். "வரலைன்னு சொல்ல முடியாது சார். அங்க போய் நின்னுட்டுத்தான் கூப்பிடுவாங்க."

இனி என்ன செய்யப்போகிறாய் என்றேன். அப்பா திருப்பூரில் தனக்குத் தெரிந்த பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் இவனுக்கு வேலை சொல்லிவைத்துவிட்டாராம். ஒரு வருடம் சும்மா உட்கார்ந்தால் பிள்ளை கெட்டுப்போவான், போன படிப்பு போகட்டும் என்று. வருகைப் பட்டியல் 28ஆம் தேதி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய்விடும். அதற்கு மறுநாள் பஸ் ஏறுகிறான்.

மார்ச் 20, புதன்

விடுப்பு போட்டுவிட்டு அவனோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. வீட்டில் உட்கார முடியவில்லை.

செண்பகம் என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், காது கேளாதவள். மூன்று மாதமாக வயிற்று வலி. வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள், புண்ணுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்களாம். இன்றைக்கு இவன் நடுவில் நின்றான். கையில் மட்டும் இல்லை, அவன் முகத்திலேயே கேள்வி வந்தது, புருவத்தில் வந்தது. வகுப்பில் இருப்பதே எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன். வலி முதுகில் ஆரம்பித்து முன்னால் வருகிறது, சிறுநீர் போகும்போது உயிர் போகிறது என்று அவள் சொன்னது பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. மாதவிலக்கைப் பற்றி டாக்டரம்மா கேட்டதையும் கூச்சமில்லாமல் கேட்டுச் சொன்னான்.

"கிட்னியில கல்லா இருக்கும். ஸ்கேன் எடுக்கட்டும்" என்றார் டாக்டர். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதம் கழித்து ஒருவருக்குப் புரிந்துவிட்டது, அந்த அழுகை.

வெளியே டீக்கடையில் அவனிடம் கேட்டேன். "இந்த வேலைக்கு முறையா படிக்கலாமே நீ?"

"எந்த வேலைக்கு சார்?"

"இப்ப செஞ்சியே, அதுக்கு."

"இது வேலையா சார்? வீட்டு வேலை மாதிரில்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்."

சைகைமொழி பெயர்ப்பாளர் என்று ஒரு பட்டயப் படிப்பு இருப்பது எனக்கும் தெரியாது, நேற்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தேடித்தான் கண்டுபிடித்தேன். போனில் காட்டினேன். நீதிமன்றம், தொலைக்காட்சி, பல்கலைக்கழகம் எல்லா இடத்திலும் ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள், கையில் ஒரு டிகிரியும் இருந்தால் உன்னை விடமாட்டார்கள் என்றேன். அவன் போனை வாங்கி இரண்டு தடவை படித்தான். டீ ஆறிப்போயிற்று.

"கிளாஸ்ல உட்கார்ந்தா நான் ஒரு ஆளாவே இல்ல சார். இங்க வந்தாத்தான் ஆளு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்" என்றான். அப்புறம், "'டிகிரியும் இருந்தா'ன்னு சொன்னீங்கல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

நான் வழியைக் காட்டினேன். அந்த வழியை அடைத்துக்கொண்டு படுத்திருப்பதும் நான்தான்.

மார்ச் 22, வெள்ளி

அருமைநாயகம் சாரிடம் வாய்விட்டுச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"நீங்க போனே பண்ணலைன்னு எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? உங்க ரிஜிஸ்டர் மட்டும் இல்ல, குழு பார்த்த எல்லா ரிஜிஸ்டரும் கேள்வியாகும். இங்க இருக்கற நாப்பது வாத்தியார் வயித்துலயும் அடிக்கணுமா? ஒரு பையனுக்கு ஒரு வருஷம். அவ்வளவுதானே சார் போகுது?"

"அவன் திரும்பி வரமாட்டான் சார்."

"அது அவங்க குடும்ப விஷயம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பிஎச்.டி. முடிக்கல, முப்பத்தெட்டு வயசு. இங்கேருந்து அனுப்பினா எவன் சார் உங்களை எடுப்பான்?" என்றார். மிரட்டவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார், அதுதான் கொடுமை.

மதியம் ஆசிரியர் அறையில் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. சார் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 23, சனி

கடிதம் எழுதினேன். கிழித்தேன். மூன்று முறை.

மார்ச் 24, ஞாயிறு

வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா வரை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"வேலை போனா போகட்டும்னு நான் சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்களா?"

"இல்ல."

"நான் சொல்லமாட்டேன். எனக்கு பயமா இருக்கு. எங்க அண்ணன் முன்னால போய் நிக்கணுமேன்னு நினைச்சாலே பயமா இருக்கு. ஆனா ஒரு வாரமா நீங்க இந்த வீட்டுல இருக்கற இருப்பு இருக்கே, அது அதைவிட பயமா இருக்கு." காம்பையெல்லாம் முறத்தில் தள்ளினாள். "கேசரி வேற கிளறிக் குடுத்தேன் நான்."

கோபத்தில்தான் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள். எனக்கு அழவும் வரவில்லை.

மார்ச் 25, திங்கள்

டீன் அறை வாசல் வரை போனேன். மேடம் இருக்காங்களா என்று பியூனிடம் கேட்டேன். இருக்காங்க என்றார். சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

நான்கு வரிதான். தவசீலனின் தந்தையிடம் நான் ஒருபோதும் பேசவில்லை. சித்தப்பாவிடமும் பேசவில்லை, அப்படி ஒருவர் இல்லை. பதிவேட்டில் உள்ள நூற்றிருபது பதிவுகளையும் பிப்ரவரியில் இரண்டு நாளில் நான் எழுதினேன். மாணவரைத் தேர்வு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

டீன் மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாளை மறுநாள் அந்தப் பெற்றோரை வரச்சொல்லுங்கள். இதை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்" என்றார். போன் செய்து சொல்லிவிடுகிறேன் மேடம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பையனிடம் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 28, வியாழன்

டீன் அறை. மேடம், அருமைநாயகம் சார், நான். எதிரே தவசீலனின் அப்பாவும் அம்மாவும். நடுவில் அவன்.

மேடம் அவனிடம், "உன் விஷயத்தையே நீ மொழிபெயர்க்கறது சரியில்ல. ஆனா வேற ஆள் கிடைக்கல" என்றார். பரவாயில்ல மேடம் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "சார், நீங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் காட்டுவேன். அப்படித்தான் முறை. அப்பாவுக்குத் தெரியும், அது நீங்கன்னு."

ஆரம்பித்தேன். "நான் உங்க பையனோட ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசல."

அவன் தன் நெஞ்சில் கை வைத்தான். நான்.

"நான் உங்களுக்கு போன் பண்ணல. பண்ணினதா பொய் எழுதினேன்."

மறுபடி நெஞ்சில் கை. பொய் என்பதை எப்படிக் காட்டினான் என்று கவனிக்கவில்லை, அந்த நெஞ்சு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் செய்தது ஒவ்வொன்றையும் அந்தப் பையன் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுத் தன் அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. அவன் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான், எதையும் சேர்க்காமல்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் போன தடவை உங்க முன்னாலேயே இன்னொரு பொய் சொன்னேன். பயத்துல சொன்னேன். மன்னிச்சுடுங்க."

அம்மா பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கணம்கூட அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். கை அசைவதை ஓரக்கண்ணாலேயே படித்துவிடுகிறார். நான் முடித்ததும் அவர் கையை எடுத்தார். தவசீலன் வாயால் சொன்னான், அப்பாவின் பேச்சை:

"சார், இவன் ஆறு வயசுலேர்ந்து எனக்கு வாயா இருக்கான். ரேஷன் கடையில, பேங்க்ல, ஆஸ்பத்திரியில. இவங்க அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்கணும்னு டாக்டர் சொன்னதை பத்து வயசுல இவன்தான் எங்களுக்குச் சொன்னான்."

அப்பாவின் கைகள் போய்க்கொண்டே இருந்தன. தவசீலனின் குரல் நின்றுவிட்டது.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அப்பா கையை நிறுத்தி, மகனைப் பார்த்து, அதே அசைவை மறுபடி செய்தார், மெதுவாக. சொல்லு என்பது எனக்கே புரிந்தது.

அவன் அப்பாவின் கையைப் பார்த்துச் சொன்னான். "நான்... நான் என் பையன்கிட்ட ஒரு நாளும், உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. இவனைக் கேக்காம நீங்க எழுதினீங்க. இவனைக் கேக்காம நான் திருப்பூருக்குச் சொல்லிவச்சேன். அதனால என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க."

வாக்கியத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அழுதான். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பேச வேண்டிய விரல்கள் ஈரமாகாமல்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, தேர்வு எழுத அனுமதிக்கிறேன் என்றார். என்னைப் பற்றித் தனியாக முடிவு செய்யப்படும் என்றார். அருமைநாயகம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் பேசலாமா மேடம்?" என்றான் தவசீலன்.

"பேசுப்பா."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்றுதான் முதல் தடவையாக அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். கையாலும் வாயாலும் சேர்ந்தே சொன்னான். "பரீட்சை எழுதறேன். அடுத்த வருஷமும் முடிக்கறேன். அப்புறம் இந்த வேலைக்குப் படிக்கப் போறேன். இதுக்கு வேலைன்னு பேரு இருக்கு."

அம்மா அவனுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அதனால் மீதியை ஒரு கையாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் 22, திங்கள்

ஆணை இன்று காலை வந்தது. பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். காரணம்: 'பதிவேடுகளை முறையாகப் பராமரிக்காமை.' மற்ற பதிவேடுகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பராமரிக்கப்பட்டவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

வாசுகி இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். அவளுடைய அண்ணன் சாயங்காலம் வருகிறார். என்ன சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் எனக்கு யார் வழி காட்டுவார்கள் என்று கேட்டேன். அவள் டீ போட எழுந்து போனாள்.

மணி பத்தேகால். முதல் தாள் தொடங்கியிருக்கும், தவசீலன் எழுதிக்கொண்டிருப்பான். எனக்கு இன்று எங்கும் போக வேண்டியதில்லை.